குடும்பம் என்றால் உட்கார இடம் எங்கே?

(ஜவுளிக்கடைச் சிப்பந்திகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாள் முழுவதும் கால் கடுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே, முதலில் எல்லோரும் உட்காருங்கள். சுருக்கமாகவே பேசுகிறோம்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார் முதலாளி. தீபாவளிக்குப் புதுத்துணி தருகிறார். விடுதியில் சோறு போடுகிறார். தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கிறார். இதை நாம் மறுக்கவில்லை. மலிவு விலையில் துணி விற்பதால் ஏழை எளியவர்களுக்கு நன்மை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: எந்தக் குடும்பத்தில் பெற்ற மகளைக் காலை முதல் இரவு வரை நிற்கவைத்து, சுவரில் சாய்ந்தால் அபராதம் பிடிப்பார்கள்? எந்தக் குடும்பத்தில் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குச் சம்பளம் வெட்டுவார்கள்?

"குடும்பம்" என்ற அந்த ஒரு சொல்லால் கூலி தருமமாகிவிடுகிறது; உரிமை கேட்பது நன்றிகெட்ட செயலாகிவிடுகிறது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது!

1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் என்ன சொல்கிறது? நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. மிகை வேலைக்கு இரட்டைக் கூலி. வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. இவை முதலாளி தரும் தீபாவளி இனாம் அல்ல.

கேரளத்தைப் பாருங்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் சிப்பந்திகள் 2014 டிசம்பரில் போராட்டம் தொடங்கி, நூறு நாட்களுக்கு மேல் கடைவாசலில் அமர்ந்தார்கள். "இரிக்கல் சமரம்", அதாவது உட்காரும் போராட்டம், என்று அதற்குப் பெயர். 2018-ல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும், கடைச் சிப்பந்திகள் உட்கார ஆசனம் தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் நிறைவேற்றியது.

ஆசனம் வந்ததா? வந்தது! நாம் போய்ப் பார்த்த ஒரு கடையில் முக்காலியின் மேல் துணிக்கட்டு சுகமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சிப்பந்தி நின்றுகொண்டிருந்தாள்!

தோழர்களே, அன்பை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அன்போடு நியமன உத்தரவும், வருகைப் பதிவேடும், சேமநிதிக் கணக்கும் வரட்டும் என்கிறோம். துணிக்கட்டை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அவள் சீட்டைக் கிழிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் சட்டத்துக்கு உயிர் வரும்.

சங்கத்தில் சேருங்கள்!