வீரரின் மனமும் நம் கடனும்



கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாலை வேளையில் மைதானங்களில் ஓடிப் பழகும் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்களுட் சிலர் நாளை நாட்டின் பெயரைத் தாங்கி ஓடக்கூடும். அவர்களுடைய கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம்; மனத்திற்கு என்ன கொடுக்கிறோம்?

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இல்ல விளையாட்டுப் போட்டி ஒரு திருவிழா. கால் சுளுக்கியவனை நாலு பேர் தூக்கிச் சென்று கட்டுப் போடுவார்கள். தோற்று மரத்தடியில் அழுதவனுக்கோ, "ஆம்பிளைப் பிள்ளை அழுகிறதோ?" என்ற ஏச்சே கிடைக்கும்.

அந்த ஏச்சு பெரிய அரங்கில் என்ன செய்யும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், செங்கற் சூளைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006ஆம் ஆண்டு டோகாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பெண்பாற் சோதனையில் தேறவில்லையெனக் கூறி அதைப் பறித்தனர். அவர் ஊக்கமருந்து உண்டவரல்லர். தம் உடலின் இயற்கைக்காகவே தண்டிக்கப்பட்டார். அந்தரங்கம் உலகச் செய்தியாயிற்று. தமிழக அரசு 15 இலட்சம் ரூபா வழங்கியது உண்மையே. ஆயினும், ஊர்வாயை மூடப் பணத்தாலாகுமா? 2007இல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முனையுமளவுக்கு அவர் மனம் உடைந்தார்.

அவர் வீழ்ந்தே கிடக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினார். வறுமையால் மீண்டும் சூளைக்குக் கூலியாகச் செல்ல நேர்ந்தபோதும் தளராது, பின்னர் பயிற்றுநர் பட்டயம் பெற்று அரசுப் பயிற்றுநருமானார். மதிப்பும் தொழிலும் மனிதனை நிமிர்த்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மனம் தளர்வது கோழைத்தனமன்று. அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்திற் சுழலும்போது உடல் எந்நிலையில் உள்ளதென்ற உணர்வு தப்புவதை அறிந்து, குழுப் போட்டியின் நடுவே விலகினார். தொடர்ந்திருந்தால் கழுத்தே முறிந்திருக்கலாம். ஓய்வும் சிகிச்சையும் பெற்று மீண்டவர், 2024இல் பாரிசில் மூன்று தங்கம் வென்றார்.

ஆகவே வாலிபர்களே, தோழனொருவன் வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவை வெறுத்து, பயிற்சிக்கு வராது ஒதுங்கினால் அவனை ஏளனஞ் செய்யாதீர்கள், அருகில் இருங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வென்று வரும் பிள்ளையை மேளதாளத்தோடு வரவேற்கிறீர்கள். தோற்று வரும் பிள்ளை பஸ்ஸிலிருந்து தனியே இறங்கி, தலைகுனிந்து வீடு செல்கிறது. இனிமேல் அந்தப் பிள்ளையை வரவேற்கவும் நம் சங்கத்தார் இருவராவது பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். "ஏன் தோற்றாய்?" என்று கேளாமல், "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.