நர்சிங் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங் சேர 17 வயதும் உடல்தகுதியும் வேண்டும். அதோடு கல்லூரி போதைப்பொருள் பரிசோதனையும் கேட்டால் கோபப்படாதீர்கள். மார்ஃபின், பெத்தடின் வைத்த அலமாரியின் சாவி நாளை உங்கள் பிள்ளை கையில். எங்கள் வங்கி ஸ்ட்ராங் ரூம் சாவி மாதிரிதான்.

ஆனால் முதல் சிறுநீர்ப் பரிசோதனை தீர்ப்பாகிவிடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலும் அபின் வகை என்று காட்டும். நம் வடலூர்ப் புழுதியில் இருமாத வீடு ஏது? டாக்டர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பரிசோதனைக்கு முன்பே காட்டுங்கள். மாறாக வந்தால் மறுபரிசோதனையை எழுத்தில் கேளுங்கள். கணக்கு இடித்தால் மறுபடி எண்ணாமல் கேஷியரைத் திருடன் என்று எழுதமாட்டோமே!

பிள்ளை உண்மையிலேயே பழகியிருந்தால்? தயவுசெய்து மறைக்காதீர்கள். சிறிய அளவு வைத்திருந்ததாகவோ, உட்கொண்டதாகவோ வழக்கு வந்தாலும், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், பிரிவு 64ஏ. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம்.

ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 14446. லிஃப்ட் பக்கம் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறேன்.