மேடைக்குத் தாய்மார்கள், அலுவலகத்துக்கு?

பெரியோர்களே, தாய்மார்களே!

தேனி மேடையில் 'தாய்' என்ற சொல்லுக்குக் கைதட்டு விழுகிறது. இதே சொல் கன்சல்டிங் கம்பெனியின் அப்ரைசல் அறைக்குள் போனால், "அவங்களுக்குக் கைப்பிள்ளை இருக்கே, டிராவல் பண்ண முடியாதே" என்று அந்தத் தாயின் பெயர் கீழே இறங்கிவிடுகிறது. முடியுமா என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கன்சல்டிங் என்றால் என்ன வேலை என்று முன்வரிசை அப்பத்தா பார்க்கிறார். அடுத்தவர் கம்பெனியில் போய் உட்கார்ந்து, அவர்கள் நிர்வாகத்துக்கு யோசனை சொல்கிற வேலை அப்பத்தா. திங்கட்கிழமை விமானம் ஏறினால் வியாழக்கிழமை வீடு. சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே ஏறியாக வேண்டும். ஏறாதவரை நாசூக்காக வெளியே அனுப்பிவிடுவார்கள். மேனேஜர் ஆகிற வயது முப்பதை ஒட்டி. பிள்ளை பெறுகிற வயதும் அதுதானே!

நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். தோட்டத் தொழிலில் 50 பெண்கள் வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே சட்டம் சொன்னது. கண்ணாடிக் கட்டட அலுவலகங்களுக்கு அந்த நினைப்பு 2017-ல்தான் வந்தது. 26 வார மகப்பேறு விடுப்பும் அப்போதுதான். தோட்டத்தில் அந்தத் தொட்டில் ஆடுகிறதா என்று ஜீப்பில் போகிறவர்களைக் கேளுங்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

விடுப்பு கிடைத்துவிடுகிறது. திரும்பி வந்தால் கிளையண்ட் வேறொருவர் கையில்; இவள் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில்; ரேட்டிங் 'சராசரி'.

சுருளிப்பட்டிச் சம்சாரி பன்னீர் திராட்சைக்குக் கவாத்து அடிக்கிறார். கொடி மொட்டையாய் நிற்கிறது. இந்த மாதம் காய்ப்பு இல்லை என்று வேரோடு பிடுங்கவா செய்கிறார்? மருந்தும் உரமும் வைத்து நாலு மாதம் காத்திருக்கிறார். கம்பெனிகளும் அப்படிக் காத்திருக்கட்டும்; விடுப்பு எடுத்த வருஷத்துக்குப் பழைய ரேட்டிங்கையே வையுங்கள், வந்த முதல் மாதமே ஒரு கிளையண்ட்டைக் கொடுங்கள் என்கிறோம். சலுகையா இது?

சென்னையில் பிறந்த இந்திரா நூயி 1980-களில் சிகாகோவில் இதே கன்சல்டிங் தொழிலில் இருந்தார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்றதும், பாஸ்டன் கன்சல்டிங் குரூப் ஆறு மாதம்வரை சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது. 1984-ல் மகள் பிறந்தாள். 2006-ல் பெப்சிகோவின் தலைமை. அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இங்கிருந்து சொந்தபந்தம் விமானம் ஏறிப் போனது.

நமக்கு 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் வந்தது. பேரப்பிள்ளை பார்க்க ஊறுகாய் பாட்டிலோடு அதில் ஏறுகிற அம்மாச்சிகளை எந்தக் கம்பெனியும் சம்பளக் கணக்கில் எழுதவில்லை. இன்று ராத்திரி வண்டிக்கும் இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்களாம். நன்றியுரை இருக்கட்டும், அவர்களுக்கு முதலில் வழி விடுங்கள்.