இரண்டு பால்வாடிகள்

(கே.கே. நகரில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நானும் பால்வாடியில படிச்சவன்தான். படிச்சேன்னு சொல்றது கொஞ்சம் அதிகம். தட்டைத் தூக்கிக்கிட்டுப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். செக்டார் வீடுகள்ல பாத்திரம் தேய்ச்சிட்டு எங்கம்மா வரும், ஈரக் கையோட தூக்கிக்கிட்டுப் போகும்.

போன மாதம் இரண்டு மாணவத் தோழர்களோடு இங்குள்ள இரண்டு மையங்களைப் பார்த்தேன். ஒன்று செக்டார் பக்கம். சொந்தக் கட்டடம், குழாய், சுவரில் யானைப் படம். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அந்தத் தெருக்காரர்கள் காசு கட்டி எல்.கே.ஜி.க்கு அனுப்புகிறார்கள், வருவதெல்லாம் வாட்ச்மேன் பிள்ளை, வேலைக்காரம்மா பிள்ளை. இன்னொன்று ஆற்றோரம் போகிற வழியில். வாடகை அறை. பாதியில் அடுப்பு, மீதியில் குழந்தைகள். காலை நீட்டிப் படுக்க இடமில்லை. கட்டடம் ஒரு பக்கம், குழந்தைகள் இன்னொரு பக்கம்!

சோறு இரண்டிலும் ஒன்றுதான். அதே சத்துமாவு, வாரத்துக்கு அதே மூன்று முட்டை. அந்த அறையில் இருந்த டீச்சர் சொன்னார்: "தம்பி, ஒரு பாட்டு சொல்லிக்குடுக்கறதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிடுது. அப்புறம் ரெஜிஸ்டரு. ரோட்டுக்கு அந்தாண்ட சந்துங்கள்ல மையமே இல்ல, அந்தப் புள்ளைங்க இங்க வர்றதும் இல்ல."

நம் தாய்மார் கடன் வாங்கி நர்சரிக்கு அனுப்பினால் 'ஆங்கில மோகம்' என்று நம் மேடைகளிலேயே பேசுகிறோம். எனக்கு அது உடன்பாடில்லை. "இங்க சோறு போடறாங்க, எழுத்து எங்க?" என்று ஒரு தாய் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். வளாகமே இல்லாத வாடகை அறைக்கு அது எப்படி வரும்?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பத்தாண்டுக்குள் 14 வயது முடியும்வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கல்விக்கு அரசு முயல வேண்டும் என்றது. தொடக்க வயது என்று எதையும் அது போடவில்லை. 2002இல் 86ஆவது திருத்தம் கொண்டு வந்தார்கள். ஆறிலிருந்து பதினாலுவரை அடிப்படை உரிமை. ஆறுக்குக் கீழே அதே பழைய 'முயற்சி'. அடிப்படை உரிமை என்று கொண்டாடினோமே, கீழே விழுந்த ஆறு வருஷத்தை எத்தனை பேர் கவனித்தோம்?

ஆனால் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: குறைந்தது 14 லட்சம் மையங்கள் வேண்டும்; தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை. மையம் இல்லாத குடிசைப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். கேட்டால்! கொடிக்கம்பத்துக்கு மனு எழுதியிருக்கிறோம், சிலைக்கு எழுதியிருக்கிறோம். இதற்கு நான் ஒரு மனுவும் எழுதியதில்லை.

வருகிற ஞாயிறு அந்தாண்ட சந்துகளில் வீடு வீடாக எண்ணப் போகிறோம். பேர், வயசு, அம்மா வேலைக்குப் போற நேரம். நோட்டு வாங்கியாச்சு. காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துடுங்க. எட்டுக்கு மேல போனா அம்மாங்க வேலைக்குக் கிளம்பிடுவாங்க.