நோவும் மனமும்



உடலில் நோவு தோன்றினால் அதனை மருந்தினால் தீர்ப்பது ஒரு வழி. நோவைத் தாங்குகின்ற மனத்தைப் பழக்கி, அதன் கடுமையைத் தணித்துக்கொள்வது மற்றொரு வழி. இவ்விரண்டாவது வழியைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றோம். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று நோயாளியின் வாயை அடைக்கின்ற பேச்சன்று இது. அவ்வாறு சொல்வது, வலிப்பவர்க்கு நாம் இழைக்கும் இரண்டாவது துன்பமாகும். நோவு மெய்யானது, அதனைக் கூட்டவும் குறைக்கவும் மனத்திற்கு ஆற்றல் உண்டு என்பதும் மெய்யே.

இதற்கு வங்காளத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியினைக் கூறுவோம். கல்கத்தாவிற்கு வடக்கே, ஆற்றங்கரையில் ஹூக்ளி என்னும் ஊர் இருக்கின்றது. அப்பக்கத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த தமிழர் பலர் அவ்வூர்ப் பெயரை அறிவர். அங்கே 1845ஆம் ஆண்டில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராய் இருந்தார். மயக்க மருந்து என்பது அப்பொழுது வழக்கில் இல்லை. ஈதரினால் மயக்கி அறுவை செய்யலாம் என்று பாஸ்டன் நகரில் வெளிப்படையாகக் காட்டப்பட்டது 1846 அக்டோபரில்தான். குளோரோபாரம் வந்தது 1847இல். அதற்கு முன்னர், நோயாளியைப் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் இயன்ற விரைவில் அறுத்து முடிப்பார். அந்நாளைய அறுவை மருத்துவரின் பெருமை அவருடைய கைவேகத்தில் இருந்தது.

எஸ்டெயில் மெஸ்மெரிசத்தைப் பற்றிப் படித்திருந்தாரேயன்றிக் கண்ணால் கண்டதில்லை. 1845 ஏப்ரலில், அறுவைக்குப் பின் வலியால் துடித்த ஒரு கைதியின் மேல் அதனைச் செய்து பார்த்தார். கைதி ஆழ்ந்த துயிலில் அமிழ்ந்தான்; ஊசியால் குத்தியும் உணரவில்லை. கைதி என்பவன் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தானா என்பது நம் உள்ளத்தை உறுத்தும் கேள்வி. அது நிற்க. பின்னர், யானைக்கால் நோயினால் வளர்ந்த பெருங்கட்டிகளை எல்லாம் இம்முறையில் அவர் அறுத்து நீக்கினார். இருட்டறையில் நோயாளியைக் கிடத்தி, தலை முதல் வயிறு வரை கைகளை மெல்ல அசைத்து அசைத்து மணிக்கணக்கில் துயிலச் செய்யவேண்டும். அவ்வேலையைச் செய்து அவர் களைத்துப் போகவே, மருத்துவமனையில் இருந்த நம் நாட்டு உதவியாளர்களையே அதற்குப் பழக்கினார். புகழ் அவருக்குச் சேர்ந்தது. கைவலி அவர்களுக்குச் சேர்ந்தது!

1846இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்து இதனை ஆராயச் செய்தது. சிலர் அறுவையின்போது அசையாது கிடந்தனர். சிலர் உடலை நெளித்தனர், எனினும் விழித்தபின் வலி தெரியவில்லை என்றனர். சிலருக்குத் துயிலே வரவில்லை. அவ்வாண்டிறுதியில் கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையும் ஏற்பட்டது. ஆயினும் குளோரோபாரம் வந்தபின் இம்முறை மறைந்து போயிற்று. அது மறைந்தது முறையே. சில நிமிடங்களில், ஏறத்தாழ எல்லார்க்கும் பயன்படுகின்ற மருந்து இருக்கும்போது, சிலருக்கு மட்டும் பலிக்கின்ற வழியை நம்பி உடலைக் கத்திக்குக் கொடுப்பார் யார்?

மருத்துவரின் கையிலிருந்து ஒரு காந்தப் பாய்மம் நோயாளிக்குள் செல்கின்றது என்று எஸ்டெயில் நம்பினார். அது பிழை. பிரான்சு நாட்டு அரசர் அமைத்த குழு 1784லேயே, அப்படி ஒரு பாய்மம் இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவே என்று முடிவு கூறியிருந்தது. பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் அக்குழுவில் இருந்தனர். ‘கற்பனை’ என்றதோடு அவர்களுக்கு வழக்கு முடிந்தது. நமக்கோ கேள்வி அங்கேதான் தொடங்குகின்றது. வெறுங் கற்பனை, கத்தியின் வலியை எங்ஙனம் தடுத்தது?

விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர், கடுங்காயமுற்ற 215 வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று வினவினார். ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாம் என்றனர். 1946இல் இதனை அவர் வெளியிட்டார். போர்க்களத்தினின்று உயிரோடு மீண்டோம் என்ற ஆறுதல் அக்காயத்தின் பொருளையே மாற்றிவிட்டது என்பது அவர் கொண்ட கருத்து. பின்னர் 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகள் அக்கதவைத் திறக்கவும் சாத்தவும் கூடும் என்றும் உரைத்தனர். அவர்கள் வரைந்த படத்தில் பின்னர்ப் பல திருத்தங்கள் ஏற்பட்டன, அடிப்படை நிலைத்தது. 1978இல், பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. மருந்தென்று நம்பி வெறும் போலி மருந்தைப் பெற்றுத் தணிந்த வலி, அபினியின் செயலைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் கூடிற்று. அதாவது, நம்பிக்கை என்பது உடலுக்குள்ளேயே அபினி போன்ற ஒரு பொருளைச் சுரக்கச் செய்கின்றது!

இனி, நாம் செய்யக்கூடியது யாது? நெடுநாளைய முதுகுவலியுடையார் 342 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. தியானமும் யோகமும் கலந்த பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 61 பேர், 26 வாரங்களுக்குப் பின் அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் அது 44. வேறுபாடு மெய், அற்புதம் அன்று.

செய்முறை எளிது. அமர்ந்தோ படுத்தோ, மூச்சை இயல்பாக இழுத்து, இழுத்ததினும் மெதுவாக வெளியே விடுக. பல் கடித்திருந்தால் தாடையைத் தளர்த்துக, தோளைத் தாழ்த்துக. பின்னர் வலியை விட்டு ஓடாமல் அதனை உற்று நோக்குக. எங்கே தொடங்குகின்றது, எம்மட்டும் பரவுகின்றது, ஒரே அளவில் நிற்கின்றதா, அலைபோல் ஏறி இறங்குகின்றதா? ‘இது என்னவாகுமோ, நாளைக்கும் இப்படியே இருக்குமோ’ என்ற அச்சம் வலியோடு பின்னிக் கிடப்பதை அப்போது காணலாம். வலி உடனே போகாது; அச்சம் சற்று விலகும். விலகிய அளவுக்குச் சுமை குறையும். நாள்தோறும் கால் மணி நேரம், வலி குறைவாக இருக்கும்போதே பழகுதல் வேண்டும். வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க இயலாது அன்றோ?

ஓர் எச்சரிக்கை. புதிதாக வந்த வலியை இவ்வாறு அமைதிப்படுத்த முயலற்க. நெஞ்சை அழுத்திக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீரென வெடித்தாற்போன்ற தலைவலி, காய்ச்சலோடு கூடிய வயிற்றுவலி ஆகியவற்றிற்கு உடனே மருத்துவரிடம் செல்க. வலி நம் காவற்காரன். வேலூரில் 1946 முதல் தொழுநோயாளரிடையே பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டு, அவர்களுடைய விரல்கள் தேய்ந்து சிதைவதற்கு, வலி உணர்வு அற்றுப்போனதால் நேரும் காயங்களே பெரிதும் காரணம் என்று எடுத்துக்காட்டினார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மருத்துவரிடம் சொல்வதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. முன்னே சொன்ன மெல்சாக் 1975இல், வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து நோயாளிகளுக்கென ஒரு வினாத்தாள் அமைத்தார். நம் பாட்டிமார்க்கு அது தேவைப்பட்டிராது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, விண்விண்ணென்று தெறித்தல் என்று இடத்திற்கேற்ப அவர்கள் சொல்வார்கள். அவற்றுள் எது என்று தெரிந்து பெயரிடுவதே வலியை நோக்கும் பயிற்சியின் பாதி. அயலூர் மருத்துவர்முன் சென்றதும் இவையெல்லாம் மறைந்து, ‘தர்த்’ என்ற ஒரு சொல்லே நம் நாவில் எஞ்சுகின்றது. ஆகையால் வீட்டை விட்டுப் புறப்படுமுன் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்க: எந்த இடம், எவ்வகை நோவு, எப்போது கூடுகின்றது, எதனால் தணிகின்றது. பிறகு அண்டை வீட்டாரைக் கேட்டு அவ்வூர்ச் சொல்லைப் பக்கத்தில் குறித்துக்கொள்க. இந்தி வழங்கும் ஊர்களில் எரிச்சலுக்கு ‘ஜலன்’ என்பர், குத்தலுக்குச் ‘சுபன்’, வயிற்றை முறுக்கும் வலிக்கு ‘மரோட்’.