பந்தும் சோறும்



பசித்த பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்தால் வயிறு நிரம்புமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ரக்பி என்ற ஆட்டத்தை வைத்தே பதில் சொல்லுவோம்.

முட்டை வடிவப் பந்து. கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் முன்னே எறியக் கூடாது, பின்னால் வரும் கூட்டாளிக்குத்தான் தர வேண்டும். பந்து வைத்திருப்பவனைச் சடுகுடுவில் பிடிப்பதுபோல் மடக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இடுப்பில் துணிப்பட்டை கட்டி ஆடும் முறை உண்டு. பட்டையை உருவினால் போதும், அடிதடி இல்லை. பருமன், ஒல்லி, நெட்டை, குட்டை, பதினைந்து பேரில் எல்லோருக்கும் வேலையுண்டு. வேறு ஆட்டத்தில் ஒதுக்கப்படும் பிள்ளை இங்கே தேவைப்படுகிறான்.

சீமான்களின் பள்ளியில் பிறந்த ஆட்டம்தான். ஆனால் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள். சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போயிற்று. இழந்த கூலியைத் தா என்றார்கள். மேலிடத்துச் சீமான்கள் மறுத்தார்கள். 1895-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடி வடக்குக் கழகங்கள் தனியே பிரிந்தன. விளையாட்டுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் இதைப் படிக்கட்டும்!

இப்போது தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். போர்ட் எலிசபெத் (2021 முதல் கெபேரா என்று பெயர்) நகரையொட்டி ஸ்விடே என்ற கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. நிறவெறி ஆட்சியிலேயே அங்கே கழகம் கட்டி ரக்பி ஆடினார்கள். அவ்வூரில்தான் 1991 ஜூன் 16-ல் சியா கொலிசி பிறந்தார். மனிதரை இனவாரியாகப் பதிவு செய்த சட்டத்தை மறுநாள் ரத்து செய்தார்கள். சட்டம் போயிற்று, வறுமை போகவில்லை. வளர்த்தது பாட்டி. சாப்பாடு இல்லாத இரவுகள் உண்டு. முக்கியமான ஒரு தேர்வு ஆட்டத்துக்கு அரைக்கால் சட்டை இல்லாமல் உள்ளாடையோடு போய் ஆடினார். உள்ளூர்க் கழகமும் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவரைக் கைவிடவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய பள்ளியின் உதவித்தொகை கிடைத்தது. 2018-ல் டெஸ்ட் ஆட்டங்களில் தென்னாப்பிரிக்க அணியின் முதல் கறுப்பினத் தலைவரானார். 2019-லும் 2023-லும் உலகக் கோப்பை அவர் கையில்!

திறமை வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. நாம் கேட்கிறோம்: அதே புழுதியில் அவரோடு ஓடிய மற்றப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? கொலிசியே சொன்னார்: அந்தப் பள்ளிக்குப் போகாவிட்டால் தனக்குச் சரியான உணவும் கிடைத்திராது, பயிற்சியும் கிடைத்திராது. மாற்றம் குடியிருப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுத்து நூறு பிள்ளைகளை விட்டுவிடும் முறை அது.

2020 தொற்றுக் காலத்தில் அவர் பெயரில் தோன்றிய அறக்கட்டளை உணவுப் பொட்டலங்கள் வழங்கியது. நல்ல காரியம். ஆனால் ஒரு ஆட்டக்காரர் எத்தனை வாசலுக்குப் போவார்? பயிற்சி முடிந்ததும் ஒரு வேளைச் சோறு, காலுக்குச் செருப்பு, திரும்பப் பஸ் காசு, பெண் பிள்ளைகளுக்கும் மைதானத்தில் நேரம்: இவற்றை நகரசபையும் அரசாங்கமும் ஏற்க வேண்டும், ஆண்டுதோறும், வரவு செலவுத் திட்டத்தில் எழுதி.