ஒலியைக் கண்ணாற் காணுதல்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டிலே எழுந்த ஒரு வழக்கை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். என் பாட்டனாரிடம் ஒரு பழைய கசற் நாடா இருக்கிறது. 1978ஆம் ஆண்டுத் திருவிழாவில் ஒரு நாதசுர வித்துவான் எங்கள் ஊர்க் கோயிலிலே வாசித்ததை அவர் தாமே பதிந்து வைத்தது. நாடா பூஞ்சணம் பிடித்துப் போகுமுன் அதைக் கணனிக்கு மாற்றிவிட வேண்டுமென்று எண்ணி, மாற்றி முடித்து, அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார். "தம்பி, அவர் இந்தச் சுருதியிலை வாசிக்கிறவர் இல்லை" என்றார்.

வித்துவானின் குழல் இரண்டு கட்டைச் சுருதி என்பது பாட்டனாரின் நினைவு. நாடாவோ இரண்டரைக் கட்டையில் ஒலித்தது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட நினைவை நம்புவதா, கையில் இருக்கும் நாடாவை நம்புவதா? நான் நாடாவின் பக்கம் நின்றேன். படித்தவர்களுக்கு அதுதானே வழக்கம்! அந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். தீர்ப்பதற்கு உதவிய கருவியே இன்றைய பேச்சின் விஷயம்.

அதன் பெயர் சொனிக் விஷுவலைசர். இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் எண்முறை இசை ஆய்வு நிலையத்தார் உருவாக்கிய மென்பொருள் அது. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் கிறிஸ் கன்னம். எவரும் பணமின்றிப் பெறலாம். அதன் மூலநிரலையும் வாசிக்கலாம், திருத்தலாம். ஒரு பாட்டை அதனுள் இட்டால், ஒலியின் ஏற்ற இறக்கம் இடமிருந்து வலமாக ஓடும் ஒரு படமாய் விரியும். அந்தப் படத்தின்மேல் கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல வேறு படங்களை அடுக்கலாம். ஒரு தாளிலே எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்கள் ஒலிக்கின்றன என்பது நிறங்களாகத் தெரியும். இன்னொரு தாளிலே, பாட்டு ஓட ஓட நாம் ஒரு விசையைத் தட்டி ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு கோடு இடலாம். கோடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணனி கணக்கிட்டுக் காலப்பிரமாணம் எங்கே விரைந்தது, எங்கே தளர்ந்தது என்று வளைகோடாகக் காட்டும்.

இது வெறும் வேடிக்கை அன்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்திலே ஜொய்ஸ் ஹட்டோ என்றொரு பியானோக் கலைஞர் இருந்தார். 1928இல் பிறந்தவர், 2006இல் காலமானார். நெடுங்காலம் மேடையேறாதிருந்த அவருடைய பெயரிலே, இறுதி ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் வெளிவந்தன. வெளியிட்டவர் அவருடைய கணவர் வில்லியம் பரிங்டன்-கூப். முதுமையிலும் நோயிலும் ஒரு பெண்மணி இத்தனை சாஹித்தியங்களை வாசித்தாரா என்று விமர்சகர்கள் வியந்து வியந்து எழுதினார்கள்.

2007 பெப்ரவரியிலே குட்டு வெளிப்பட்டது. ஹட்டோ வாசித்ததென்று வெளிவந்த லிஸ்ற்றின் இசைத்தட்டு ஒன்றை ஒரு ரசிகர் கணனியில் இட்டார். பகுதிகளின் கால அளவுகளைக் கொண்டு தட்டை இன்னதென்று அறியும் கணனி, "இது லாஸ்லோ சைமன் வாசித்தது" என்று காட்டிற்று. கிராமபோன் என்ற சஞ்சிகை விசாரணையைத் தொடங்கிற்று. ஒலிப்பதிவு நிபுணர் ஒருவர் இரு பதிவுகளின் அலை வடிவங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பெரும்பாலான பகுதிகளில் அவை ஒன்றாகவே இருந்தன.

இதே நேரத்தில், இலண்டனை அண்மிய றோயல் ஹொலோவே கல்லூரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஆய்வு நிலையத்திலே நிக்கலஸ் குக், கிரெய்க் சாப் என்னும் இருவர் வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஷொப்பினின் மஸூர்க்காக்களைப் பல கலைஞர்கள் வாசித்த பதிவுகளை எடுத்து, அடிக்கு அடி காலத்தை அளந்து, யாருடைய நடை யாருடைய நடைக்கு நெருங்கியது என்று ஒப்பிடும் வேலை அது. சொனிக் விஷுவலைசருக்கான சில துணைநிரல்களும் அந்தத் திட்டத்திலேயே எழுதப்பட்டன. ஒரே கலைஞர் ஒரே உருப்படியை இருமுறை வாசித்தாலும் அடிகள் அச்சொட்டாக அமைவதில்லை. ஆனால் ஹட்டோவின் பதிவும் யூஜின் இன்ஜிச் என்பவரின் பதிவும் நிழலும் உருவும்போல ஒத்துப்போயின. குற்றத்தைத் தேடிப் போகாதவர்களே அதைக் கண்டார்கள்.

பின்னர் கணவரும் ஒப்புக்கொண்டார். நோயின் வேதனையால் மனைவியிடமிருந்து எழுந்த முனகல்களை மறைப்பதற்காகச் சிறு துண்டுகளை ஒட்டத் தொடங்கி, அது முழுத் தட்டுகளாய் வளர்ந்தது என்பது அவருடைய கூற்று. அவர் அப்படியே ஒட்டிவிடவும் இல்லை. சில பகுதிகளின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருந்தார். ஆகையால் நேர அளவு மாறிற்று; அடிகளுக்கிடையிலான விகிதமோ மாறவில்லை.

இதிலே என்னை மிகவும் உறுத்திய செய்தி வேறு. றக்மனினோவின் மூன்றாம் பியானோக் கொன்சேர்ட்டோவை யெஃபிம் புரொன்ஃப்மன் வாசித்த பதிவைக் குறைவாக மதிப்பிட்ட ஒரு விமர்சகர், அதே பதிவு ஹட்டோவின் பெயரோடு வந்தபோது புகழ்ந்தெழுதினார். அவர் செவி கெட்டவரல்லர். உறையிலிருந்த பெயர் செவிக்கு முன்னே போய் நின்றுகொண்டது. நம்மவர் கச்சேரிகளில் இது நடப்பதில்லை என்று சத்தியம் செய்ய இங்கு எவரும் உளரா?

எனினும் படம் சொல்வதெல்லாம் வேதம் என்று கொள்ளவும் கூடாது. மிஷன் பள்ளியிலே காலை வழிபாட்டுக்குப் பியானோவோடு சேர்ந்து பாடி வளர்ந்தவன் நான். கட்டையை அழுத்தினால் சுரம் ஓரிடத்தில் நிற்கும் என்பதே என் செவிக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு கர்நாடக இசையைப் படமாக்கப் போய்த் தடுமாறினேன். அதிர்வெண்களைக் காண்பதற்குக் கணனி ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. இசைத்தட்டிலே ஒரு செக்கனுக்கு 44,100 அளவீடுகள் உண்டு. 1,024 அளவீடுகள் கொண்ட துண்டு ஒரு செக்கனில் 43இல் ஒரு பங்கு. அப்போது அதிர்வெண்ணும் 43, 43 ஆகவே பிரிந்து தெரியும். ஒரு கட்டை ஸட்ஜமோ செக்கனுக்கு ஏறக்குறைய 262 அதிர்வு. அதற்கு அடுத்த அரைக் கட்டை 277. இரண்டும் ஒரே பட்டையாய் மங்கிவிடும். துண்டை 8,192 ஆக நீட்டினால் சுரங்கள் பிரிந்து தெளியும். ஆனால் ஒரு துண்டே 186 மில்லிசெக்கன் நீளமாகிவிடும். செக்கனுக்கு ஐந்து முறை அசையும் ஒரு கமகத்தின் ஓர் அசைவு ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு துண்டுக்குள் அடங்கிப்போம். சுரத்தைக் கூர்மையாகக் கண்டால் அசைவு மங்கும்; அசைவைக் கண்டால் சுரம் மங்கும். மாற்றி மாற்றிப் பார்த்தல் ஒன்றே வழி. எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் செவிதான் முதலிற் சொல்ல வேண்டும். தனிக் குரலின் சுருதியை ஒரே கோடாக வரைந்து தரும் துணைநிரல்களும் உண்டு. ஆலாபனையில் அழகாக வரைந்தன. தவில் சேர்ந்தவுடன் கோடு தெருக் கூத்தாடிற்று.

இனி வழக்குக்கு வருவோம். பாட்டனாரின் நாடாவிலே மெல்லிய இரைச்சல் ஒன்று தொடர்ந்து கேட்டது. துண்டின் நீளத்தை ஒன்றரைச் செக்கனாக்கிப் படத்தின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே இரண்டு கிடைக்கோடுகள். ஒன்று 50இல், அது நாடா ஓடத் தொடங்குமுன்னரே இருந்தது. எங்கள் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் அது. நமது நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. மற்றது 53இல், நாடா ஓடியபோது மட்டுமே தோன்றிற்று. 106இலும் 159இலும் அதன் மடங்குகள். அன்று கோயிலிலே ஒலிபெருக்கியின் வழியே நாடாவிற் புகுந்த அதே 50தான் இன்று 53ஆகிவிட்டது. அப்படியானால் நாடா நூற்றுக்கு ஆறு பங்கு விரைவாக ஓடுகிறது. ஆறு பங்கென்பது ஏறக்குறைய அரைக் கட்டை.

வேகத்தை 53க்கு 50 ஆகக் குறைத்தேன். இரண்டு கட்டையில் வந்து நின்றது. பாட்டனார் "அதைத்தானே நான் சொன்னனான்" என்றார். அதற்குமேல் என்னை அவமானப்படுத்தவில்லை.

அன்று மின்பிறப்பாக்கி வைத்திருந்தால் உன் கணக்கு என்னவாகும் என்று பெரியவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரம் ஏறி இறங்கி ஓடியிருந்தால் கோடு நெளிந்திருக்கும். நான் கண்ட கோடு நேராகவே கிடந்தது. அன்றியும், அதற்கு முன்பே கோயிலுக்கு மின்சாரம் வந்துவிட்டதென்று பாட்டனார் சொல்கிறார். அவருடைய நினைவைச் சோதிக்கப் போன நான் மறுபடியும் அவருடைய நினைவிடமே சாட்சி கேட்க வேண்டியதாயிற்று.

உங்கள் வீடுகளிலும் இத்தகைய நாடாக்கள் இருக்கும். திருவிழாவோ, கலியாண வீட்டு மேளமோ, வானொலியிலிருந்து பிடித்ததோ, எதுவாயினும் சரி. விடுமுறை முடியும் வரை மன்றத்திலே என்னிடம் தாருங்கள், மாற்றித் தருகிறேன். வெண்ணிறப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், யார் வாசித்தது என்பதை உறையில் எழுதுங்கள். அன்று அங்கே இருந்து கேட்டவர் எவராவது வீட்டில் இருந்தால், அவரையும் ஒருநாள் அழைத்து வாருங்கள்.